விடுமுறை இசைக்குழுப் பயிற்சி: உக்குவளைக்கு எது தகும்?

பாடசாலை விடுமுறையில் இசை மாணவர்களை ஓரிடத்தில் தங்கவைத்து, சில வாரங்கள் கூட்டாக வாசிக்கப் பழக்கி, கடைசி நாளில் மேடையேற்றும் வழக்கத்துக்கு ஏறத்தாழ நூறு வயதாகிறது. 1928இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இன்டர்லோக்கன் என்ற இடத்தில் ஜோசப் மாடி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கிய முகாம் இதன் முன்னோடிகளில் ஒன்று. 1940இல் பொஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர் கூசெவிட்ஸ்கி டாங்கிள்வுட்டில் கோடைப் பள்ளி நிறுவினார். 1948இல் ரூத் ரெயில்டன் தொடங்கிய பிரித்தானியத் தேசிய இளையோர் இசைக்குழுவும் பாடசாலை விடுமுறைகளில் கூடியே வளர்ந்தது. மேலைச் செவ்வியல் இசைக்கென எழுந்த இந்த முறைக்குள் பிறகு ஜாஸ், திரையிசை, பொப் எல்லாம் வந்து சேர்ந்தன.

இலங்கையில் நமக்குக் கோடை விடுமுறை கிடையாது. வழமையாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் என மூன்று விடுமுறைகள். அவற்றுள் ஒன்றில் கர்நாடக இசை படிப்பவர், மேலைத்தேய இசை படிப்பவர், சினிமாப் பாட்டையும் பொப்பையும் கேள்வி ஞானத்தால் வாசிப்பவர் ஆகிய எல்லோரையும் ஒரே இசைக்குழுவாக உட்கார வைக்கும் பயிற்சி, மாத்தளை மாவட்டத்து உக்குவளை போன்ற ஊருக்குத் தகுமா? இதையே இங்கே எடைபோடுகிறேன். நோக்கம் நல்லது என்பதற்காக மட்டும் ஒரு முயற்சியைப் பாராட்டிவிட முடியாது. இசைக் கல்விக்கென்று பணமும் ஆசிரியரும் அரிதாகக் கிடைக்கும் ஊரில், கிடைப்பது எங்கே போக வேண்டும் என்பதைக் கண்டிப்போடு கேட்க வேண்டும்.

எடைபோட நான்கு அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். மாணவரின் காது வளர்கிறதா? சந்திக்கும் இசைகள் சமமாகச் சந்திக்கின்றனவா, அல்லது ஒன்று மற்றதற்குப் பணிகிறதா? பயிற்சி யாரைச் சென்றடைகிறது? முகாம் முடிந்த பிறகு ஊரில் என்ன மிஞ்சுகிறது?

மூன்று கதவுகள்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1880இல். அந்தப் பாதையில் மாத்தளைக்குச் சற்று முன்னால் இருக்கிறது உக்குவளை. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் மூவரும் வாழும் பிரதேசம். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்துவந்த தோட்டத் தொழிலாளர்கள் மலைநாட்டுக்குள் நுழைந்த வாசல் மாத்தளை. அவர்களோடு வந்த தப்பும், காமன் கூத்தும், அருச்சுனன் தபசும் தோட்டங்களில் இன்னும் வாழ்கின்றன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரதத் திருவிழாவுக்கு நாதசுவரமும் தவிலும் உண்டு. பெரஹராவுக்குக் கெட்டபெர, முஸ்லிம்களின் கொண்டாட்டங்களுக்கு ரபான். சினிமாப் பாட்டு எல்லா வீட்டிலும் ஒலிக்கிறது. இசை இல்லாத ஊருக்கு இசையைக் கொண்டுபோகும் வேலை இங்கே யாருக்கும் இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பாடசாலையில் இசை கற்க வரும் பிள்ளைக்கு முன்னால் மூன்று கதவுகள். க.பொ.த. சாதாரண தரத்தில் கர்நாடக சங்கீதம், கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம் ஆகியன தனித்தனிப் பாடங்களாகவே இருந்து வந்துள்ளன. ஒன்றில் நுழைந்தவர் மற்ற இரண்டில் இருப்பவரோடு சேர்ந்து வாசிக்கப் பாடத்திட்டம் வழி செய்யவில்லை. தப்புக்கும் ரபானுக்கும் கதவே இல்லை. மொழிவாரியாகப் பாடசாலைகள் பிரிந்திருக்கும் நாட்டில் இந்தப் பிரிவு இசையோடு நின்றுவிடுவதும் இல்லை.

விளைவு என்ன? கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைக்கு மனப்பாடம் வலிமையானது. ஆனால் தாளில் எழுதிய ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரியாது. மேலைத்தேய இசை படித்த பிள்ளை தாளைப் பார்த்து வாசிக்கும். தாளை எடுத்துவிட்டால் கை நின்றுவிடும். கீபோர்டில் சினிமாப் பாட்டு வாசிக்கும் பிள்ளை எதையும் கேட்டவுடன் பிடித்துக்கொள்ளும். ஆனால் தான் வாசித்ததற்குப் பெயரும் கணக்கும் சொல்ல அதற்கு வராது. ஒவ்வொருவரிடமும் இல்லாதது மற்றவர்களில் ஒருவரிடமாவது இருக்கிறது. கூட்டிசைப் பயிற்சிக்கு ஆதரவாக நான் காணும் மிக வலுவான வாதம் இதுதான். பக்கத்தில் இருப்பவரின் சுருதியைக் கேட்பது, தன் முறை வரும்வரை எண்ணிக்கொண்டு மௌனமாகக் காத்திருப்பது, தனக்குரிய இடத்தில் மட்டும் ஓங்கி ஒலிப்பது ஆகிய மூன்றையும் தனியாக உட்கார்ந்து பழக முடியாது. முதல் அளவுகோலில் இந்தப் பயிற்சி தேறிவிடுகிறது.

கமகமும் கூட்டமும்

இரண்டாவது அளவுகோல் கடினமானது. கர்நாடக இசை ஆசிரியர்களின் மறுப்பைக் குறுகிய மனம் என்று தள்ளிவிடக் கூடாது. அதில் உண்மை இருக்கிறது. தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கும் சுரம் அன்று. அது கமகத்தால் அசைந்து அசைந்தே தன் உருவத்தைப் பெறுகிறது. பத்து வயலின்கள் அதை ஒரே விதமாக அசைக்க வேண்டுமானால், அசைவை முன்கூட்டியே முடிவுசெய்து உறையவைக்க வேண்டும். அடியில் ஓர் இணைவுச் சுரம் நீண்டு ஒலித்தால் அந்தக் காந்தாரம் அதனோடு மோதும். மனோதர்மத்துக்கு இடமே இராது.

வரலாறும் இந்த எச்சரிக்கையைத் தருகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். நம் முன்னோர் அந்த வாத்தியத்தை எடுத்துக்கொண்டார்கள். அது பிறந்து வளர்ந்த கூட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றிக் கூட்டி, பாடகரின் குரலைத் தொடரும் துணையாக அதை ஆக்கிக்கொண்டார்கள். நம் இசைக்கு அன்று தேவைப்பட்டது அதுதான். தெரிந்து செய்த தேர்வு அது.

1952இல் தில்லி அகில இந்திய வானொலியில் ரவிசங்கரும் டி. கே. ஜயராம ஐயரும் பொறுப்பேற்ற வாத்திய விருந்தம், இந்திய வாத்தியங்களையே கூட்டாக வாசிக்கவைக்க முயன்றது. கேட்க இனிமையான உருப்படிகள் அதிலிருந்து வந்தன. ஆனால் தனிக் கச்சேரியில் ராக ஆலாபனை தரும் ஆழத்தைக் கூட்டம் தரவில்லை. இந்த முயற்சியிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்: கச்சேரி இசையை அப்படியே பலர் சேர்ந்து வாசிப்பது கூட்டிசை ஆகாது. கூட்டத்துக்கென்றே புதிதாக இயற்றப்பட வேண்டும்.

கூட்டத்துக்கு ஏற்றவற்றை இயற்றியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்கள் பலவும் ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்தவை. சங்கராபரணத்தின் சுரங்களில், கமகம் இல்லாமல் செல்பவை. கர்நாடக இசை பயிலும் சிறு பிள்ளைக்கு அவை பழக்கமானவை. மேலைத்தேய இசை படிப்பவரோ அவற்றைத் தாளில் பார்த்ததும் வாசித்துவிடுவார். இரு சாராரும் முதல் நாளே சேர்ந்து தொடங்க இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. அடுத்த படியாக மோகனம், ஹம்ஸத்வனி போன்ற ஐந்து சுர ராகங்கள் உதவும். தோடியையும் பைரவியையும் தனி வாசிப்புக்கு விட்டுவிடலாம். கூட்டம் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, கற்ற ஒருவர் ஆலாபனை செய்யட்டும்.

இந்த வழியில் மிகத் தூரம் சென்றது சென்னையின் திரையிசைக் கூடம்தான். கர்நாடக வயலின் கலைஞரும், மேலைத்தேய நொட்டேஷன் படித்தவரும், நாட்டார் தாளம் அறிந்தவரும் ஒரே ஒலிப்பதிவில் அங்கே சேர்ந்து உட்கார்ந்தார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசை கற்ற இளையராஜா, பண்ணைப்புரத்துக் கிராமத்து மெட்டையும் தந்தி வாத்தியக் கூட்டத்தையும் இணைத்ததைத் தமிழ்க் காதுகள் 1976இலிருந்து அறியும். இலங்கையிலும் இதற்கு இணையான மரபு உண்டு. ஆர். முத்துசாமி, எம். ரொக்சாமி என்ற இரு தமிழர்கள் சிங்களத் திரையிசைக்கு உருக்கொடுத்தவர்களுள் முக்கியமானவர்கள். பிரேமசிறி கேமதாச (1937–2008) சிங்கள நாட்டார் மெட்டையும் மேலை ஒத்திசையையும் இணைத்துத் திரையிசையும் இசைநாடகமும் படைத்தார். வசதியற்ற குடும்பத்து இளைஞர்களைத் தேடிப் பயிற்றுவித்தார். செவ்வியலும் வெகுசன இசையும் சந்திக்க முடியும் என்பதற்கு இவ்வளவு சான்று இருக்கும்போது, அவற்றைப் பாடசாலையில் பிரித்தே வைத்திருப்பது நம் பிழை.

இரண்டாவது அளவுகோலில் என் முடிவு: பயிற்சியின் உருப்படிகளைப் பொறுத்தே தேர்ச்சியும் தோல்வியும். ஐரோப்பிய உருப்படிகளைச் சுருக்கி எழுதிய அச்சுப் பிரதிகளை வாங்கி வாசிக்கவைத்தால், தோட்டத்துப் பிள்ளை தன் இசையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வர வேண்டியிருக்கும். அது சமமான சந்திப்பு ஆகாது.

யாரைச் சென்றடைகிறது?

1975இல் வெனிசுவேலாவில் ஹொசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்டெமா, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச இசைக்குழுப் பயிற்சி தருவதில் உலகின் முன்மாதிரி என்று போற்றப்பட்டது. ஆனால் அதன் 16 மையங்களில் ஏறத்தாழ 3000 பிள்ளைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு இரு விடயங்களைக் காட்டியது. ஓராண்டில் பிள்ளைகளின் தன்னடக்கம் ஓரளவு மேம்பட்டது; பரவலாகப் பேசப்பட்ட வேறு பல நன்மைகள் தெளிவாகத் தென்படவில்லை. இடம் கேட்டு வந்த பிள்ளைகளில் ஏழைகளின் பங்கோ, அந்த மாநிலங்களின் பொதுவான ஏழ்மை வீதத்தைவிட மிகக் குறைவாக இருந்தது. கட்டணம் இல்லை என்று அறிவித்துவிட்டால் மட்டும் ஏழைப் பிள்ளை வந்துவிடாது. கேள்விப்பட்ட பெற்றோர், கூட்டிச் செல்ல நேரம் உள்ள பெற்றோர், பஸ் வசதி உள்ள தெரு ஆகியவை முந்திக்கொள்கின்றன.

உக்குவளைக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. பஸ் பாதையை ஒட்டிய பாடசாலையிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். மலைமேல் உள்ள தோட்டப் பிரிவிலிருந்து வர வாகனம் வேண்டும். பெண் பிள்ளை மாலையில் பாதுகாப்பாகத் திரும்ப ஒழுங்கு வேண்டும். லயன் அறையில் வாசித்துப் பழக இடம் இல்லாததால் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ ஓர் அறை திறந்திருக்க வேண்டும். வாத்தியங்களின் விலையும் தடை. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனபோது, இறக்குமதியாகும் செலோவும் டிரம்பெட்டும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத தூரத்துக்குப் போயின. சேர்ப்பு, போக்குவரத்து, சாப்பாடு ஆகியவற்றைப் பாடத்திட்டத்துக்கு இணையாகக் கருதாத எந்த முகாமும் இந்த அளவுகோலில் தோற்கும்.

மிஞ்சுவது என்ன?

நான்காவது அளவுகோலில்தான் விடுமுறை முகாம் மிகவும் தடுமாறுகிறது. மேலை நாட்டு முகாம்களின் வெற்றியைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே வருபவர்கள் ஆண்டு முழுவதும் ஆசிரியரிடம் கற்று, தேர்வில் வென்று, வாத்தியத்தோடு வருகிறார்கள். 1999இல் வைமார் நகரில் டேனியல் பாரன்போய்மும் எட்வர்ட் சயீதும் தொடங்கிய மேற்கு-கிழக்குத் திவான் இசைக்குழு, இஸ்ரேலிய, அரபு இளைஞர்களைக் கோடைப் பட்டறையில் கூட்டியது. அவர்களும் ஏற்கெனவே தேர்ந்த கலைஞர்களே. அவர்களுக்கு முகாம் என்பது அறுவடை. விதைப்பு வேறெங்கோ, வேறு யாராலோ நடந்து முடிந்திருந்தது. விதைக்காத இடத்தில் அறுவடைக்கு ஆள் திரட்டினால் கிடைப்பது ஒரு மேடை நிகழ்ச்சியும் சில படங்களும்தான்.

2006இல் மும்பையில் தொடங்கிய இந்திய சிம்பொனி இசைக்குழுவைப் பாருங்கள். அவ்வளவு பெரிய நாட்டில், அதன் இருக்கைகளை நிரப்பக் கசகஸ்தானிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கலைஞர்களை அழைக்க வேண்டியிருந்தது. இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் ரோயல் ஃபில்ஹார்மனிக் இசைக்குழுவின் கையில் முதலில் ஒலித்தது. அந்தப் பெருமையில் நானும் பங்குகொள்கிறேன். ஆனால் அதை வாசிக்க நம்மிடையே ஒரு முழு இசைக்குழு உருவாகாமல் போனது, அடித்தளக் கல்வி இல்லாததன் விளைவு என்றும் சொல்ல வேண்டும்.

அடித்தளத்திலிருந்து தொடங்கிய முயற்சிகளும் உள்ளன. ஏ. ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரியின் கீழ் இயங்கும் சன்ஷைன் இசைக்குழு, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தந்தி, காற்று வாத்தியங்களைக் கற்பித்தது. விடுமுறை நாட்களோடு நின்றுவிடாத தொடர் பயிற்சி அது. இலங்கையில், போருக்குப் பின்னர், எல் சிஸ்டெமாவை ஒட்டி எழுந்த தி மியூசிக் புரொஜெக்ட் குருநாகல், முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு வாத்தியங்களைக் கற்பித்து, சிங்களப் பிள்ளைகளையும் தமிழ்ப் பிள்ளைகளையும் சேர்ந்து வாசிக்கச் செய்தது. பாடசாலைக்குள்ளேயே வகுப்பு, அதன் பிறகு சந்திப்பு என்ற இந்த வரிசையே சரியான வரிசை. நகரத்திலிருந்து வந்து திரும்பிப் போகும் பயிற்றுநர் ஒருவரைவிட, வாரந்தோறும் வகுப்பறைக்கு வரும் ஆசிரியர் ஒருவர் பெரியவர்.

இன நல்லிணக்கம் என்ற சொல்லையும் இங்கே நிதானமாகவே பயன்படுத்த வேண்டும். தம் இசைக்குழு சமாதானத் திட்டம் அன்று, அறியாமைக்கு எதிரான திட்டம் என்று பாரன்போய்ம் விளக்கியிருக்கிறார். உக்குவளையின் மூன்று சமூகத்துப் பிள்ளைகள் ஓகஸ்டில் சேர்ந்து வாசித்தால் ஊரின் எல்லாப் பிணக்கும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டபெர வாசிக்கும் பிள்ளைக்குத் தப்பின் அடி எப்படி அமைகிறது என்று தெரியவரும். தப்படிக்கும் பிள்ளைக்கு ரபானின் கணக்கு தெரியவரும். இவ்வளவு நடந்தாலே அது உண்மையான பயன்.

தீர்ப்பு

எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பார்த்த பிறகு என் முடிவு இது. தனித்து நிற்கும் விடுமுறை முகாம் உக்குவளைக்குத் தகாது. ஆண்டு முழுதும் நடக்கும் வகுப்பின் உச்சமாக அமையும் முகாம் தகும், அவசியமும்கூட. நான்கு நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, முகாமுக்கு முன் குறைந்தது ஓராண்டு வாராந்த வகுப்பு. வயலினில் தொடங்குவது நல்லது. கர்நாடக இசை, மேலைத்தேய இசை, திரையிசை மூன்றுக்கும் பொதுவாக நம்மிடம் உள்ள வாத்தியம் அது.

இரண்டாவது, கையில் இருக்கும் வாத்தியங்களுக்கென்றே எழுதிய உருப்படிகள். பாடசாலை பேண்ட் குழுவின் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள். கர்நாடக மாணவர் தம் சுருதியைக் கட்டைக் கணக்கில் அறிவார். நாலு கட்டை, அதாவது எஃப் சுருதி, இரு தரப்புக்கும் ஒத்துவரும். ஆசிரியர்கள் முன்கூட்டி உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியவை இத்தகைய நடைமுறை விடயங்களே.

மூன்றாவது, தப்பு, தவில், கெட்டபெர, ரபான் கலைஞர்களை ஊதியம் பெறும் ஆசிரியர்களாக அழைப்பது. இறுதி நாளில் பொன்னாடை போர்த்தப்படும் விருந்தினர்களாக அவர்களை வைத்திருக்கும்வரை, சமம் என்ற பேச்சுக்குப் பொருள் இல்லை.

நான்காவது, தோட்டப் பாடசாலைகளுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள், வாகனம், உணவு, வீட்டுக்கு எடுத்துச்செல்ல வாத்தியம். முகாமின் வெற்றியை இறுதி நிகழ்ச்சியின் கைதட்டலால் அளக்கக் கூடாது. அடுத்த ஆண்டும் வாத்தியத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்தே அளக்க வேண்டும்.

இந்த நான்கையும் நிறைவேற்ற முடியாது என்று சொல்லும் கல்விப் பணிமனைக்கும், கொடையாளருக்கும், புலம்பெயர் நண்பர்களுக்கும் நேராகவே சொல்கிறேன்: முகாமை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் உக்குவளையில் தங்கிக் கற்பிக்கும் வயலின் ஆசிரியர் ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுங்கள். இசைக்குழு அதற்குப் பிறகு வரட்டும்.